பனையேறிய அப்பாவுக்கு நினைவு மலர்: எதைக் கேட்பது, எப்படி எழுதுவது

கேள்வி: அப்பா போன ஆவணியில் தவறிப்போனார். வயது 79. குமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் சின்ன வயதிலேயே பனையேறத் தொடங்கியவர். பிறகு ரப்பர் பால்வெட்டு. நாலு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். ஆண்டு நினைவுக்கு 16 பக்கத்தில் ஒரு மலர் போட நினைக்கிறோம். எழுத உட்கார்ந்தால் ‘கடின உழைப்பாளி, குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்’ என்ற இரண்டு வரியோடு பேனா நின்றுவிடுகிறது. மேற்கொண்டு என்ன எழுதுவது?

பதில்:

பேனா நிற்பதற்குக் காரணம் உண்டு. அந்த இரண்டு வரியும் மார்த்தாண்டம் முதல் திங்கள்சந்தை வரை எந்த முக்கில் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸிலும் இருப்பவை. படத்தை மாற்றினால் போதும், யாருக்கும் பொருந்தும். உங்கள் அப்பாவுக்கு மட்டும் பொருந்துகிற வரி வேண்டுமென்றால் ‘கடின’ என்பதை எண்ணாக மாற்ற வேண்டும். எத்தனை மூடு (மரம்), எந்த விளை (தோப்பு), எத்தனை மணிக்கு, எத்தனை வருஷம். உடம்பால் செய்த வேலையை எண்ணிவிடலாம். அதிலும் பனையேற்றும் பால்வெட்டும் நாள்தோறும் ஒரே கணக்கில் நடப்பவை என்பதால் எண்ணுவது இன்னும் எளிது.

பனையிலிருந்து தொடங்குங்கள். அப்பாவோடு ஏறிய ஒருவராவது ஊரில் உயிரோடு இருப்பார், முதலில் அவரைப் பாருங்கள். ‘அப்பா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமான மனுஷன்’ என்பார், பேச்சு அதோடு முடிந்துபோகும். ‘ரெண்டுபேரும் ஒண்ணா ஏறின விளை எது? அப்பாவுக்கு எத்தனை மூடு பனை?’ என்று கேளுங்கள். விளைக்கு விளை பெயர் உண்டு. பெயர் வாயில் வந்ததுமே யாருடைய நிலம், குத்தகைக்கு என்ன கொடுத்தார்கள், எந்தப் பனை வளைந்து நின்றது, யார் எதிலிருந்து விழுந்தார் என்று எல்லாம் பின்னால் வரும்.

பொதுவாக ஒருவர் 25 முதல் 40 மூடு வரை ஏறுவார். காலையும் மாலையும் ஏறியாக வேண்டும், சிலர் நடுப்பகலிலும் ஏறுவதுண்டு. உங்கள் அப்பாவுக்கு 30 மூடு, ஒவ்வொன்றும் 40 அடி, நாளுக்கு இரண்டு தரம் என்று வைத்துக்கொண்டால் 2,400 அடி. கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலை, பீடத்தோடு சேர்த்து 133 அடி. அந்தச் சிலையின் அடியிலிருந்து உச்சிக்கு ஒரே நாளில் 18 தடவை ஏறி இறங்குவதற்குச் சமம். படிக்கட்டு கிடையாது, கையும் மார்பும் மரத்தைக் கட்டிப்பிடிக்க, காலில் திளாப்பு என்கிற ஒரு நார்வளையம் மட்டும். இதை எழுதிவிட்டால் ‘கடின உழைப்பாளி’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. ஆனால் நான் வைத்த எண்களை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். மூட்டுக் கணக்கைக் கூட ஏறியவரிடம் கேளுங்கள், உயரத்தை இன்னும் நிற்கிற பனையைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

அடுத்து, ஏன் தினமும் ஏற வேண்டும் என்பதை எழுதுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு இது தெரியாது. பாளையின் நுனியை ஒவ்வொரு தரமும் மெல்லிசாகச் சீவிவிட்டால்தான் அக்கானி (பதநீர்) சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் விட்டால் சீவிய முகம் காய்ந்து ஊறல் குறையும், இரண்டு மூன்று நாள் விட்டால் அந்தப் பாளை போயிற்று. அதனால் பருவம் நடக்கும் ஏறத்தாழ ஆறு மாதமும் ஞாயிறு கிடையாது, காய்ச்சல் கிடையாது, மச்சினன் கல்யாணம் கிடையாது. அப்பா எந்தக் கல்யாணத்துக்கும் தாலி கட்டி முடிந்த பிறகே வந்து சேர்ந்தார் என்று சொந்தத்தில் யாராவது இன்றும் குறைபட்டுக்கொண்டிருந்தால், காரணம் பாளையாக இருக்கலாம். விசாரியுங்கள்.

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதிலும் ஒரு கைக்கணக்கு இருந்தது. குறைந்தால் அக்கானி புளித்துக் கள்ளாகிவிடும், புளித்ததைக் காய்ச்சினால் கருப்பட்டி இறுகாது. கூடினால் ருசி கெடும். ‘அவன் கலயத்து அக்கானி புளிச்சதில்ல’ என்று யாராவது சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தொழில் தெரிந்தவன் இன்னொரு தொழிலாளிக்குக் கொடுக்கிற சான்று அது. ‘அன்பே உருவானவர்’ என்பதைவிட அதற்கு எடை கூடுதல்.

கருவிகளின் பெயரை விட்டுவிடாதீர்கள். பாளை அரிவாள், அதை வைத்து இடுப்பில் கட்டும் அருவாப்பெட்டி, பாளையை நெரிக்கும் கடிப்பு, மரத்தடியில் சாய்த்து முதல் மிதியாக வைக்கும் முருக்குத்தடி, காலில் மாட்டும் திளாப்பு. இந்தப் பெயர்கள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். உங்கள் வீட்டில் எப்படிச் சொன்னார்களோ அப்படியே எழுதுங்கள், புத்தகத் தமிழுக்குத் திருத்த வேண்டாம். இவற்றில் ஒன்றாவது தட்டியில் (பரண்மேல் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்) கிடக்கும். எடுத்துத் துடைத்து, வெயில் நேரடியாகப் படாத திண்ணையில் வெள்ளை வேட்டியின்மேல் வைத்துப் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்தால் அளவு புரியும். இரும்பில் துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பிடி பட்ட தேய்மானமும் சேர்ந்து போய்விடும். துணியால் துடைத்து லேசாகத் தேங்காய் எண்ணெய் பூசினால் போதும்.

உடம்பையும் எழுதுங்கள். மார்பிலும் முழங்கையின் உள்பக்கத்திலும் கணுக்காலிலும் காய்ப்பு இருந்திருக்கும். தொழிலை விட்ட பிறகும் அது லேசில் மறைவதில்லை. அவர் மார்பில் படுத்துத் தூங்கிய பிள்ளைக்கு அந்தச் சொரசொரப்பு நினைவிருக்கும். மலரிலேயே மிகச் சிறந்த வரி அந்தப் பிள்ளை சொல்வதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது அம்மா. பனையேறியின் வாழ்க்கையை எழுதும் மலர்களில் வழக்கமாக நடக்கிற பெரிய பிழை, அம்மாவை ‘உறுதுணையாக நின்றார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவது. அக்கானி இறக்கியது அப்பா என்றால் அதைக் காசாக்கியது அம்மா. இறக்கிய அக்கானியை அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும், நாளைக்கு என்று வைக்க முடியாது. சுமாராக எட்டு லிட்டர் அக்கானி வற்றினால் ஒரு கிலோ கருப்பட்டி. 70 லிட்டர் வந்த நாளில் ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்திருக்கும். அதற்கு மூன்று நான்கு மணி நேரம் அடுப்பு எரிய வேண்டும், அவ்வளவு விறகும் சருகும் யாராவது பெருக்கிக் கூட்டியிருக்க வேண்டும். பொங்கி வழியப் போகும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார்கள், பொங்கல் அடங்கும். கூப்பனிப் (பாகு) பதம் கடந்து, கம்பியாக இழுபடும் நேரத்தில் இறக்கி, சிரட்டையில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் முந்தினால் கருப்பட்டி கசியும், பிந்தினால் அடிபிடித்துக் கசக்கும். அம்மாவிடம் ‘பதம் எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள். தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பதா, அகப்பையில் தூக்கிப் பார்ப்பதா என்று கைச் செய்கையோடு காட்டுவார். அதை வீடியோ எடுத்துவிட்டு அப்புறம் எழுதுங்கள். அம்மா பேசும்போது எதிரே நாற்காலி போட்டு உட்காரக் கூடாது, பேட்டி மாதிரி ஆகிவிடும். மீன் ஆய்கிறாரா, கிழங்கு உரிக்கிறாரா, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒன்றை எடுத்து உரியுங்கள். செல்போனை ஒரு முழ தூரத்தில், துணியின்மேல், ஏரோபிளேன் மோடில் வையுங்கள். அரை மணிக்கு ஒரு பதிவு என்று பிரித்து எடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய நாலைந்து மணி நேரம் பிடிக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ரப்பர். பனை போய் ரப்பர் வந்தது உங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல, மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் பாதிப்பேரின் கதை. குலசேகரம், அருமனை, கடையாலுமூடு, திற்பரப்பு, பேச்சிப்பாறைப் பக்கமெல்லாம் மலையடிவாரம் ரப்பராக மாறியபோது, மரமறிந்த கை வெட்டுக்கத்திக்கு மாறியது. எந்த வருஷம் அப்பா மாறினார், ஏன் என்பதை நிச்சயம் எழுத வேண்டும். பனை விற்றுப்போனதா, நிலக்காரர் வெட்டினாரா, கூட ஏறியவர் விழுந்ததைப் பார்த்து அம்மா வேண்டாம் என்றாரா? வாழ்க்கை திரும்பிய இடம் அது. கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், எல்லாவற்றையும் எழுதலாம்.

பால்வெட்டையும் எண்ணுங்கள். ஒருவர் ஒரு நாளில் வெட்டுவது வழக்கமாக 300 முதல் 400 மரம். ஏக்கருக்குச் சுமார் 180 மரம் என்பதால் 350 மரம் என்பது இரண்டு ஏக்கர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் முறையில், தோட்டத்தை இரண்டாகப் பிரித்து இன்று ஒரு பாதி, நாளை மறு பாதி. மரத்துக்குத்தான் ஓய்வு, வெட்டுகிறவருக்கு இல்லை. விடியுமுன் தொடங்குவதற்குக் காரணம் மரத்துக்குள் இருக்கும் நீரழுத்தம். இரவு முழுக்க ஏறி, விடியற்காலையில் அது உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறினால் பால் ஓடுவது மட்டுப்படும். 350 மரத்தை மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால் ஒரு மரத்துக்கு, நடையையும் சேர்த்து, அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் ஒட்டுப்பாலை (முந்தின வெட்டில் உறைந்து ஒட்டிய பாலை) உரித்துக் கூடையில் போட்டு, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பட்டையைச் சீவி, சிரட்டையைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த மூட்டுக்குப் போக வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் குறையும். ஆழம் கூடித் தடியைத் தொட்டால் காயமாகி, புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அந்த இடத்தில் மறுபடி வெட்ட முடியாது. நல்ல வெட்டுக்காரரை மரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்: பத்து வருஷம் வெட்டிய மரத்தின் பட்டையும் தடவினால் வழுவழுப்பாக இருக்கும். அப்பா வெட்டிய தோட்டம் இன்னும் நின்றால் போய்த் தடவிப் பாருங்கள், படமும் எடுங்கள். மரத்தை 25, 30 வருஷத்தில் முறித்து மாற்றிவிடுவார்கள் என்பதாலும், 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் ஏராளமான ரப்பரை முறித்துப்போட்டதாலும், அந்த மரங்கள் இல்லாமலும் போயிருக்கலாம்.

வெட்டு முடிந்ததும் ஒரு கட்டஞ்சாயா (பாலில்லாத தேநீர்). பால் வடிந்து நின்ற பிறகு வாளியோடு இன்னொரு சுற்று. மரத்துக்கு மரம் ஐந்து மீட்டர் என்று கொண்டால் இரண்டு சுற்றும் சேர்ந்து மூன்றரைக் கிலோமீட்டர், சரிவில், இரண்டாவது சுற்றில் கை நிறைய பாரத்தோடு. அதன் பிறகும் வேலை கிடக்கும்: பாலை அரித்து, தண்ணீர் சேர்த்து, டிஷ்ஷில் ஊற்றி, பார்மிக் ஆசிட் கலந்து உறையவைத்து, மறுநாள் ரோலரில் அழுத்தி, காயப்போட்டு, புகையில் ஏற்ற வேண்டும். நாலு லிட்டர் கலவைக்கு அரைக் கிலோ ஷீட் என்பது பொதுக் கணக்கு. புகைக்கூட்டில் நாலைந்து நாள். புகை சரியில்லாவிட்டால் பூசணம் பிடிக்கும், சூடு கூடினால் குமிழ் விழும். கடைக்காரர் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஆர்.எஸ்.எஸ். (புகையேற்றிய ஷீட்டின் தரம், எண் கூடினால் விலை குறையும்) 4 தர வேண்டிய இடத்தில் 5 என்பார். வீட்டில் பழைய ரப்பர் கடைச் சீட்டு இருந்தால் அதை ஸ்கேன் செய்து போடுங்கள். தேதி, கிலோ, விலை, கழிவு எல்லாம் அதில் இருக்கும். ஒரு சீட்டு இரண்டு பக்க வர்ணனைக்குச் சமம்.

மழையை மறக்க வேண்டாம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. நனைந்த பட்டையில் வெட்டினால் பால் சிரட்டைக்குப் போகாமல் பட்டையில் பரவி வீணாகும். பிளாஸ்டிக் மறைப்பு ஒட்டாத காலத்தில் மழை நாள் என்றால் கூலியில்லாத நாள். இலையுதிர்ந்து தளிர்க்கும் தை, மாசியில் வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். அந்த நாட்களில் அப்பா என்ன வேலைக்குப் போனார்? மரச்சீனி (மரவள்ளி) நட்டாரா, கொத்தவேலைக்குக் கையாளாகப் போனாரா, கடன் வாங்கினாரா? வருஷத்தில் எத்தனை நாள் கூலி இல்லை என்று கணக்கிட்டால்தான் மற்ற நாட்களின் உழைப்புக்கு அர்த்தம் தெரியும்.

கூலி பற்றி ஒரு வார்த்தை. மரத்துக்கு இவ்வளவு என்று வாங்கினாரா, பங்குக்கு வெட்டினாரா என்று கேளுங்கள். ‘அந்தக் காலத்தில் இரண்டு ரூபாய்தான்’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் சிரித்துவிட்டுப் போவார். இரண்டு ரூபாய்க்கு அன்று எத்தனை கிலோ அரிசி, எத்தனை சாளை மீன் என்று அம்மாவுக்குத் தெரியும். அதைச் சேர்த்து எழுதினால் போதும், இன்றைய மதிப்புக்கு மாற்ற வேண்டாம், அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். அரசு ரப்பர் கழகத்தில் (1984-ல் தொடங்கியது) வேலை பார்த்திருந்தால் பி.எஃப். சீட்டு, பணிக்கொடைக் காகிதம் கிடைக்கும். தனியார் தோட்டம் என்றால் பெரும்பாலும் ஒரு தாளும் இருக்காது. பனைமரத் தொழிலாளர் நலவாரிய அட்டை எடுத்திருந்தால் அதில் சேர்ந்த தேதி இருக்கும்.

தேதிகளில்தான் அதிகம் சறுக்கும். உங்கள் அப்பா பிறந்தபோது இது திருவிதாங்கூர். ஜாதகமோ, சபையின் ஞானஸ்நானப் பதிவோ, பழைய நில ஆதாரமோ (பத்திரமோ) எதை எடுத்தாலும் கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டில்) இருக்க வாய்ப்பு உண்டு, மலையாள எழுத்திலும் இருக்கலாம். கொல்லம் ஆண்டு சிங்ஙம் முதல் தேதி, அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் மார்கழி நடு வரைக்கும் 824 கூட்டுங்கள், அதற்குப் பிறகு ஆடி முடியும்வரை 825. 1120 மேடம் (சித்திரை) என்றிருந்தால் 1945 ஏப்ரல், மே. அதே 1120 சிங்ஙம் என்றால் 1944 ஆகஸ்ட், செப்டம்பர். ஒரே ஆண்டு எண்ணுக்கு ஒரு வயது வித்தியாசம் வருவது இதனால்தான். பள்ளிச் சான்றில் உள்ள தேதியை முழுக்க நம்பாதீர்கள். சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி அது, ‘மே 31’, ‘ஜூன் 1’ என்று முழுசாக இருந்தால் சந்தேகப்படலாம். சான்றும் ஜாதகமும் முரண்பட்டால் வாழ்க்கைக் குறிப்பில் ஜாதகத் தேதியைப் போட்டு, சான்றின்படி வேறு என்று ஒரு வரி எழுதுங்கள். ஒன்றை மறைத்துவிட்டால் பின்னால் யாராவது அட்டையோடு சண்டைக்கு வருவார்கள்.

பழைய பத்திரத்தில் சக்கரம், பணம் என்று வந்தால் திகைக்க வேண்டாம். 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், ஆக 28 சக்கரம்.

ஆவணம் இல்லாத சம்பவங்களுக்கு ஊர் நிகழ்ச்சியை முளையாக அடிக்க வேண்டும். ‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘காமராஜர் நாகர்கோவிலில் நின்ற தேர்தலுக்கு முந்தியா பிந்தியா?’ என்று கேட்டால் டக்கென்று பதில் வரும். அது 1969 ஜனவரி இடைத்தேர்தல். அந்தத் தொகுதி எம்.பி.யாக இருந்த நேசமணி இறந்தது அதற்கு முந்தைய வருஷம். குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அதற்கு முன் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது 1954 ஆகஸ்ட் 11. விவேகானந்தர் பாறை மண்டபம் திறந்தது 1970. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1979. சுனாமி 2004 டிசம்பர் 26. முதல் பிள்ளை பிறந்தது இதில் எதற்கு நடுவில் என்று தெரிந்துவிட்டால், கல்யாணம், வீடு, கிணறு எல்லாம் ஒவ்வொன்றாகத் தம் இடத்தில் உட்காரும். ஒரு நீளத் தாளில் கோடு போட்டு, மேலே ஊர் நிகழ்ச்சி, கீழே வீட்டு நிகழ்ச்சி என்று பென்சிலால் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒன்றைத் திருத்திவிட்டுப் போவார்கள்.

‘குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்’ என்ற இரண்டாவது வரிக்கு வருவோம். இதுவும் எண்ணக்கூடியதுதான், கணக்கு பணத்தில் இருக்கிறது. நாலு பிள்ளைகளுக்கும் பள்ளி, கல்லூரிக் கட்டணம் எங்கிருந்து வந்தது? சிட்டி (சீட்டு) பிடித்தாரா, அம்மாவின் வளையல் எத்தனை தடவை அடகுக்குப் போய்த் திரும்பியது, மகள் கல்யாணத்துக்கு எந்த விளை ஒற்றிக்குப் போனது, அதை எத்தனை வருஷத்தில் மீட்டார்? தினசரி நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஷீட் கணக்கும் பள்ளிக் கட்டணமும் எழுதிவைக்கிற வழக்கம் பலருக்கு உண்டு, அலமாரியில் தேடுங்கள். இப்படி ஒரு பத்தி வந்தால் எப்படி இருக்கும் பாருங்கள் (மாதிரிக்குத்தான், எண்கள் உங்களுடையதாக இருக்க வேண்டும்):

‘மூத்தவள் நர்சிங் சேர்ந்த வருஷம் பதினைந்து சென்ட் ஒற்றிக்குப் போனது. அந்த நாலு வருஷமும் அப்பா இரண்டு தோட்டம் வெட்டினார், ஒன்றை நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு இரண்டு மணிக்கே தொடங்குவார். ஒற்றி மீண்ட அன்று வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. பத்திரத்தை அரிசிப் பானையின் அடியில் வைத்துவிட்டுச் சோறு போடச் சொன்னார்.’

அன்பு, தியாகம், பாசம் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. தேவைப்படவும் இல்லை.

அவர் பேசியதையும் அவர் பேச்சிலேயே எழுதுங்கள். நம் பக்கத்து அப்பா பிள்ளையை ‘மக்ளே’ என்றுதான் கூப்பிடுவார். ‘மகனே, உணவு அருந்தினாயா?’ என்று மலரில் திருத்திவிட்டால் அது வேறு யாரோ. ‘சோறு தின்னியா மக்ளே’ என்பதை அச்சில் போட வெட்கப்பட வேண்டாம். பேரப்பிள்ளைகள் எழுதும் பக்கத்தில் ‘தாத்தா’ என்று வராமல், வீட்டில் கூப்பிட்டபடி ‘பாட்டா’ என்றே வரட்டும்.

குறைகளை என்ன செய்வது? கோபம், குடி, பேசாமல் போன தம்பி, இப்படி ஏதாவது ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். முழுக்க மறைத்தால் ஊரே அறிந்த ஆளை ஊருக்கே பொய்யாகக் காட்டியது மாதிரி ஆகும். முழுக்கப் போட்டால் ஆண்டு நினைவு வழக்காடு மன்றமாகிவிடும். என் அபிப்பிராயம்: அவருடைய குறையை எழுதலாம், அதில் அடுத்தவர் மானம் கலந்திருந்தால் விட்டுவிடலாம். ‘முன்கோபி, அரிவாளைத் தீட்டும்போது யாரும் பக்கத்தில் போகமாட்டோம்’ என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை, ஆள் கண்முன் வந்து நிற்பார். சொத்துத் தகராறு, வழக்கு, கூடப்பிறந்தவர்களோடு உள்ள பிணக்கு இவற்றில் ஒரு வரிகூட வேண்டாம். குழந்தையிலேயே இறந்துபோன பிள்ளை இருந்தால் கட்டாயம் பெயரோடு எழுதுங்கள், பெயர் வைக்குமுன் இறந்திருந்தாலும் எழுதுங்கள். அம்மா அதைத்தான் முதலில் தேடுவார்.

அச்சு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும், உங்கள் 16 சரி. ஏ5 அளவில், 12 புள்ளி எழுத்தில், ஒரு பக்கத்துக்குச் சுமார் 200 சொல். அட்டை நாலு பக்கம், படம் நாலு பக்கம் போக எட்டுப் பக்கம், ஆக 1,600 சொல்லுக்கு மேல் எழுதினால் எழுத்தைப் பொடியாக்குவார்கள், வயதானவர்கள் படிக்க முடியாது. நீங்கள் யூனிகோடில் அடித்துக் கொடுத்தாலும் அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். கொ, கௌ, ஸ்ரீ மூன்றையும் தனியாகத் தேடிப் பாருங்கள். கடைசி மெய்ப்பை வடிவமைத்த பிடிஎஃப்பில்தான் பார்க்க வேண்டும், நீங்கள் அனுப்பிய கோப்பில் பார்த்துப் பயனில்லை. பாஸ்போர்ட் அளவுப் பழைய படத்தைச் செல்போனில் படமெடுத்து அனுப்பினால் பளபளப்பும் நிழலும் விழும். ஸ்கேனரில் 600 டிபிஐ-யில் எடுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். நிறம் தெளிக்கிற ஆப்பில் போட்டு அப்பாவை வெள்ளையாக்க வேண்டாம், முக்கியமாகக் காய்ப்பு விழுந்த கையை.

கூடப்பிறந்தவர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்ப் பட்டியல்தான் எல்லாச் சண்டைக்கும் ஊற்று. வயது வரிசையில் போடுங்கள், ஆண் பிள்ளைகள் முதலில் என்று பிரிக்காதீர்கள். இறந்தவர் பெயரை விடாதீர்கள். ஒவ்வொரு குடும்பத்திடமும் தங்கள் பெயரைத் தாங்களே எழுதித் தரச் சொல்லி, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பெழுத்துத் தப்பினால் அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றும்.

நாள் கணக்கு: இன்னும் இரண்டு மாதம் இருந்தால் முதல் மூன்று வாரம் கேட்பதற்கு, அடுத்த இரண்டு வாரம் எழுதுவதற்கு, ஒரு வாரம் திருத்த, மீதி அச்சகத்துக்கு. கேட்க வேண்டிய ஆட்களில் வயதில் மூத்தவரை முதல் வாரமே பார்த்துவிடுங்கள். அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்து, போவதற்குள் அவர் அடியந்திரத்துக்கே (இறப்புச் சடங்குக்கே) போக நேர்ந்தவர்கள் உண்டு.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முந்தின நாள் மாலை, அம்மாவுக்கு முழுசையும் நிதானமாக வாசித்துக்காட்டுங்கள். எழுத்துப் பிழையை அவர் பார்க்கமாட்டார். ‘முப்பது மூடு இல்ல, முப்பத்திரண்டு. கிணற்றடியில நின்ன ரெண்ட விட்டுட்டே’ என்பார். கையில் பென்சில் இருக்கட்டும்.